உக்கின கல் மட்டும் வெட்டி நிறுத்தினவர்கள்: ஒட்டுசுட்டானில் ஒரு கிணறு வெட்டுக் குழு

மாங்குளம் – முல்லைத்தீவு வீதியை அண்டிக் காணி வைத்திருந்து, தோட்டத்துக்கோ வீட்டுக்கோ திறந்த கிணறு வெட்ட யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்கள் ஐந்து பேர் எங்கள் காணியில் கிணறு வெட்டிக் கட்டித் தந்தார்கள். குழுவுக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, முகநூல் பக்கமும் கிடையாது. சந்திக் கடைகளில் விசாரித்தால் ஆளைக் காட்டுவார்கள். வேலை திறம். இரண்டு விடயத்தில் எனக்குக் கடும் அதிருப்தி உண்டு, அதையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். இப்போது இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியில் கச்சானும் மிளகாயும் செய்கிறேன். ஆகவே மண், கல், தண்ணீர் என்று வந்தால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். விலை விபரம் மட்டும் தேவைப்படுபவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

முதலில் குழாய்க்கிணறு அடிக்கும் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டிருந்தேன். காணிக்கு வந்து பார்க்காமலே தொலைபேசியில் இருநூறு அடி என்றார்கள். ஏன் இருநூறு என்று கேட்டதற்கு, "ஆழம் போனாத் தண்ணி வரும் தானே" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. பிறகுதான் இந்தக் குழுவின் மூத்தவர் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். நான் அண்ணை என்று கூப்பிட்டேன், அவர் பிள்ளை என்றார். வந்தவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காணியைச் சுற்றி நடந்தார். மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஓடுகிறது, மூலையில் நிற்கும் மருது எத்தனை வருச மரம், பக்கத்துக் கிணறுகளில் ஆவணி மாதம் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, புற்று எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா தேங்காய் வைத்தும் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் அவர் மறுக்கவில்லை. ஆனால் தான் தெரிந்தெடுத்த இடத்தில் முதலே ஒரு முளையை அடித்து வைத்துவிட்டார். குழாய்க்கிணற்றுக் கதையைச் சொன்னபோது அவர் சொன்னது இது:

"பிள்ளை, இந்தப் பக்கத்துத் தண்ணி கல்லுக்குள்ள இல்லை. உக்கின கல்லுக்குள்ளதான் நிக்குது. நல்ல கல்லு தட்டுப்பட்டால் அங்கால போறது உங்கட காசு."

படித்த புவியியலை ஒருவர் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்ததும், முற்பணத்தை அன்றைக்கே கொடுத்தேன். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு அடியில் இருப்பது கேம்பிரியன் என்னும் புவிக்காலத்துக்கும் முந்திய, மிகப் பழைய பளிங்குருப் பாறைகள், கருங்கல் வகை. அதில் எங்கள் பகுதி சேர்ந்த பிரிவுக்குப் புவிச்சரிதவியலாளர்கள் வைத்த பெயரே வன்னித் தொகுதி. பெரும்பாலும் நைஸ் என்னும் உருமாறிய பாறை. அதன் மணிகளுக்கு இடையில் தண்ணீர் நிற்க இடமே இல்லை. வெடிப்பு இருந்தால் அதற்குள் நிற்கும், இல்லையென்றால் அந்தப் பாறை மேலே உக்கி மண்ணாகிற படையில் நிற்கும். வெடிப்பு எங்கே இருக்கிறது என்று ஆராயாமல் அடிக்கிற துளை வெறும் கல்லுக்குள்ளே போய் முடியலாம். உக்கின படை அப்படியில்லை, அது காணி முழுக்கப் பரந்து கிடக்கிறது.

வேலையை ஆவணியில் தொடங்கினார்கள். அதுதான் சரியான காலம். நிலத்தடி நீர் ஆவணி, புரட்டாதியில்தான் மிகவும் கீழே கிடக்கும். அந்த மாதங்களில் தண்ணீர் காணும் மட்டத்துக்கும் கீழே வெட்டிய கிணறு மற்ற மாதங்களில் ஏமாற்றாது. மாரி முடிந்த கையோடு, தை மாதத்தில் வெட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். அப்போது பத்தடியிலேயே தண்ணீர் கண்டு வேலையை நிறுத்திவிடுவார்கள், ஆடியில் அடி தெரியும்.

பன்னிரண்டு அடி விட்டம். பெக்கோ பிடிக்கவில்லை. மண்வெட்டி, பிக்காசு, அலவாங்கு, கப்பி, கடகம், கல் வந்த இடத்தில் கொம்பிரசர், அவ்வளவுதான். இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம், வெட்டி எடுக்கிற மண்ணைப் படை படையாகத் தனித்தனிக் குவியலாகப் போட்டது. நான் கேட்காமலே செய்தார்கள். மேல்மண்ணைத் திரும்பத் தோட்டத்துக்குப் போடலாம், கிறவலைப் பாதைக்குப் பரவலாம், களியை வரம்புக்கு வைக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. எனக்கு அது நிலத்தின் வரலாற்றை முற்றத்தில் விரித்து வைத்தது.

மேல் ஓரடி மண்ணில் எங்கள் காலத்து மிச்சங்கள் கிடந்தன: சாக்குத் துண்டு, துருப்பிடித்த இரும்பு. மிதிவெடி அகற்றித் துப்புரவாக்கிய காணி என்றாலும் மூத்தவர் முதல் இரண்டடியை அலவாங்கு போடாமல் மெதுவாகக் கிண்டச் சொன்னார். அதற்குக் கீழே நான்கைந்து அடிக்குச் செங்கபில மண். அதற்கும் கீழே கிறவல்.

கிறவலில் இரண்டு சாமான் உண்டு. ஒன்று, கையில் பாரமாக இருக்கும் இரும்புக்கல் உருண்டைகள். இவை மாரியும் கோடையும் மாறி மாறி வருவதால் உண்டானவை. ஈரத்தில் கரைந்து நகர்ந்த இரும்பு, காய்ச்சலில் காற்றுப்பட்டு இறுகி உருண்டையாகிறது. மற்றது வெள்ளைக் குவாட்ஸ் கற்கள். மூத்தவர் அதில் ஒன்றை எடுத்து என் கையில் தந்து, "விளிம்பைத் தடவிப் பாருங்கோ" என்றார். கை கீறும்படி கூராக இருந்தது. பேராற்றுக் கல் என்றால் உருண்டு தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். இது எங்கிருந்தும் உருண்டு வந்த கல் இல்லை, இங்கேயே இருந்த பாறையின் குவாட்ஸ் நரம்பு, சுற்றியிருந்தது எல்லாம் உக்கிப் போன பிறகு தனியாக மிஞ்சிக் கிடக்கிறது. பழைய ஆற்றுப் படுக்கை என்றால் கிணற்றை வேறு மாதிரிக் கட்ட வேண்டும், பக்கம் சரியும் என்றார். ஒரு கல்லின் விளிம்பைப் பார்த்துக் கட்டுமானத்தைத் தீர்மானிக்கிற மேசன்மாரை நான் முன்னர் கண்டதில்லை.

ஒன்பது அடியிலிருந்து களி. இங்கேதான் அவருடைய உண்மையான திறமையைக் கண்டேன். களி ஒரே நிறமாக இல்லை. மேலே சிவப்புப் புள்ளிகள் நிறைய, கீழே போகப் போகச் சிவப்பு குறைந்து, பதினாறு பதினேழு அடியில் முழுக்கச் சாம்பலும் வெள்ளையும். சிவப்பு இருக்கும் இடத்துக்கு வருசத்தில் கொஞ்சக் காலமாவது காற்றுப் போகிறது, அதனால் இரும்பு துருவாக நிற்கிறது. எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற மண்ணில் காற்று இல்லாததால் இரும்பு கரைந்து வெளியேறிவிடும், மண் சாம்பலாகும். பாடசாலைப் புத்தகத்தில் இதை மண் விருத்தி என்று படிப்பித்தார்கள். மூத்தவர் சாம்பல் நிறம் தொடங்கிய இடத்தில் சுவரில் ஒரு ஆணி அடித்தார். "எவ்வளவு கோடை காய்ஞ்சாலும் தண்ணி இதுக்குக் கீழ போகாது. இதிலயிருந்து ஏழெட்டு அடி எங்களுக்கு வேணும்." ஆழத்தை அவர் அந்த ஆணியிலிருந்துதான் கணக்கிட்டார்.

களிக்குக் கீழேதான் உக்கின கல். பார்வைக்குக் கல், அதன் வரிவரியான கோடுகள்கூட அப்படியே தெரியும், ஆனால் விரலால் நசித்தால் பொடிந்துவிடும். காக்காய்ப்பொன் மினுங்கும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகி இறங்குகிறது. அது பாறையிலுள்ள பெல்ஸ்பாரைக் களியாக மாற்றுகிறது. குவாட்ஸ் மாறாமல் மணலாக மிஞ்சுகிறது. வானிலையாலழிதல் என்று நாங்கள் மனப்பாடம் செய்தது இதைத்தான். இடையிடையே உக்காத உருண்டைக் கற்கள் அகப்பட்டன, அவற்றைச் சுற்றி வெங்காயத்தின் தோல் போல அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. கல்லின் விளிம்பிலும் மூலையிலும் இரண்டு மூன்று பக்கத்தால் தண்ணீர் தாக்குவதால் மூலைகள் முதலில் உக்கி, நடு உருண்டையாக மிஞ்சுகிறது.

இதில் தோட்டக்காரருக்கு உபயோகமான செய்தி ஒன்று. மேலே இருக்கும் களி தண்ணீரை வைத்திருக்கும், ஆனால் விடாது. உக்கின கல்லின் அடிப்பகுதி, நல்ல கல்லுக்குச் சற்று மேலே இருக்கிற பரல் மாதிரியான படை, தண்ணீரைத் தாராளமாக விடும். களியோடு நிறுத்துகிற கிணற்றில் கிடக்கும் தண்ணீரை ஒருமுறை இறைத்தால் மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டும். எங்கள் கிணற்றில் இருபது அடிக்குக் கீழே மூன்று பக்கத்தால் ஊற்று வந்தது. இருபத்து நான்கு அடியில் நல்ல கல். கொம்பிரசர் போட்டு இன்னும் இரண்டடி இறக்கி, சேறு அடையக் குழி மாதிரி விட்டு நிறுத்தினார்கள். இன்னும் பத்தடி இறக்கினால் கல்வெட்டுக் கூலி மூன்று மடங்கு. அவர்கள் நினைத்திருந்தால் இறக்கியிருக்கலாம், நானும் தடுத்திருக்க மாட்டேன். தாங்களாகவே போதும் என்றார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே இவர்களை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

அந்த அடிக்கல்லில் இறங்கி நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகஸ்காரும் கிழக்கு ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் நெருங்கி ஒட்டி, கொண்டுவானா என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்த காலத்தில், புவியின் மேற்பரப்புக்குப் பதினைந்து கிலோமீற்றருக்கும் கீழே வெந்து உருமாறிய கல் அது. அதன்மேல் மலைகள் இருந்தன. இன்றைக்கு இருபத்து நான்கு அடி மண்தான் இருக்கிறது. கிலோமீற்றர் கணக்கான பாறையை மழையும் வெயிலும் ஆறும் உக்க வைத்து, உரித்து, கொண்டுபோய்விட்டன. இலங்கையின் நிலம் மூன்று படியாக இருப்பதைக் கனடாப் புவிச்சரிதவியலாளர் எப். டி. அடம்ஸ் 1929 இல் விளக்கியபோது, ஒவ்வொன்றும் ஆறுகள் தேய்த்து மட்டமாக்கிய தளம் என்றார். பின்னர் இங்கே கனிப்பொருளியலாளராக இருந்த டி. என். வாடியா, நிலம் துண்டு துண்டாகப் பிளந்து உயர்ந்ததால்தான் படி உண்டானது என்று வாதிட்டார். எது சரியென்றாலும் வன்னி நிற்பது கீழ்ப் படியில், மிகவும் தேய்ந்த தளத்தில். எங்கள் ஊரில் மலை இல்லையே என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். இருந்த மலையின் அடிவேரில்தான் வீடு கட்டியிருக்கிறோம்.

தேய்ந்தது எங்கே போனது என்பதற்கு அரைமணித்தியாலம் கிழக்கே போனால் போதும். பேராறு முத்தையன்கட்டுக்குளத்தைத் தாண்டி நந்திக்கடலில் விழுகிறது. ஆறு கொண்டுவந்த களி அங்கே அடைகிறது. கரையில் அலை மணலை மேடாகத் தள்ளி முகத்துவாரத்தை மூடும், மாரி வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டு போகும். தெற்கே கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறது. இல்மனைற்று முதலான பாரமான கனிமங்கள் அவை. பாறைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவற்றை ஆறு கடலுக்குக் கொண்டுபோக, அலை பாரமில்லாத மணலை அரித்துக் கழுவி, பாரமானதைக் கரையில் சேர்த்து வைத்தது. மூத்தவர் எங்கள் உக்கல் கல்லை ஒரு சிரட்டையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசி, அடியில் மிஞ்சிய கறுப்புப் பொடியை என் மகளுக்குக் காட்டினார். கொக்கிளாய் மணலின் கொஞ்சம் இன்னும் புறப்படாமல் எங்கள் காணியிலேயே இருக்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோசம்.

கட்டு வேலையும் நல்லது. மேலே களி மட்டத்துக்குக் கீழ் வரை சீமெந்துக் கல் கட்டு. அதற்குக் கீழே, ஊற்று வருகிற படையில், சாந்து போடாமல் கருங்கல்லை அடுக்கி இடுக்குகளில் சின்னக் கல் செருகியிருக்கிறார்கள். அடிவரைக்கும் சாந்து பூசிவிட்டு ஊற்று வரவில்லை என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். மணலுக்கு, அனுமதி உள்ள இடத்து ஆற்றுமணலைத்தான் எடுக்கச் சொன்னார். ஆற்றில் கண்டபடி மணல் அள்ளினால் ஆற்றின் தளம் இறங்கும், அதோடு கரையோரக் கிணறுகளின் தண்ணீரும் இறங்கும். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான்.

2018 மார்கழி வெள்ளத்தில் பக்கத்துக் காணியின் மேல்மண் ஒரே இரவில் வழித்துக்கொண்டு போனது. அங்கிருந்த பழைய கிணற்றில் கலங்கல் புகுந்து சேறு அடைந்தது. அதைக் காட்டி, எங்கள் கிணற்றின் வாயைச் சுற்றித் தளத்தை அரையடி உயர்த்தி, வெளிப்பக்கம் சரிவாகக் கட்டித் தந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையோரத்தில் கிணறு துப்புரவாக்கிய அனுபவம் மூத்தவருக்கு உண்டு. அங்கே உப்பு ஏறிய கிணறுகளை அவசரப்பட்டு ஒட்ட இறைத்ததால் அடியில் இருந்த உப்பு மேலே வந்ததாம். "கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு, மிச்சத்தை மழைக்கு விட்டிட வேணும்" என்றார். கரையோரத்தில் கிணறு உள்ளவர்களுக்கு இது காதில் விழட்டும்.

இனி அதிருப்தி. இரவில் குழியைச் சுற்றி இவர்கள் ஒன்றும் போடுவதில்லை. பன்னிரண்டு அடி அகலக் குழி, மாடு திரிகிற இடம், பக்கத்தில் பிள்ளைகள் உள்ள வீடுகள். நானே பனைமட்டையும் முள்ளும் கொண்டு வேலி அடைத்தேன். இரண்டாவது, உள்ளே இறங்குகிறவருக்குத் தலைக்கவசம் இல்லை, இடுப்புக் கயிறும் இல்லை. கல்லேற்றிய கடகம் தலைக்கு மேலால் போய்வருகிறது. நான் கயிறு வாங்கிக் கொடுத்துக் கட்டினால்தான் இறங்கலாம் என்று நின்றேன். கட்டினார்கள், ஆனால் இது அவர்கள் கொண்டுவர வேண்டிய சாமான். இத்தனை அறிவுள்ள மனிதர் ஒரு கல் விழுந்து போய்ச் சேர்ந்தால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். இன்னும் ஒன்று, நடுவில் நெல் வெட்டு என்று சொல்லிப் போய்ச் சில நாள் வரவில்லை. வன்னியில் அதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை.

கூலி அடிக்கணக்கு. மண்ணுக்கு ஒரு விலை, கல்லுக்கு அதன் மூன்று மடங்கு, கட்டு வேலை தனி. சாமான் நாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டுத் தரமாட்டார்கள், ஒரு கொப்பியில் இரண்டு பேரும் எழுதிக்கொண்டோம். மொத்தத்தில் குழாய்க்கிணற்றுக்குக் கேட்ட தொகையை விடக் குறைவாகவே முடிந்தது. மாரியில் தண்ணீர் தரையிலிருந்து ஆறடி கீழ் வரைக்கும் ஏறி நின்றது. அடுத்த கோடையில், இரண்டு அங்குலப் பம்பால் காலையில் ஒன்றரை மணித்தியாலம் இறைத்தால் அடிக்கு வரும், பின்னேரம் நான்கடி ஊறிவிடும். கால் ஏக்கர் மிளகாய்க்கும் வீட்டுக்கும் போதும். அந்த ஆணிக்குக் கீழே தண்ணீர் தானாக இறங்கவில்லை.

குடிப்பதற்கு முன் தண்ணீரைப் பரிசோதித்தோம், நீங்களும் செய்யுங்கள். எங்கள் பளிங்குருப் பாறைகளிலிருந்து புளோரைட்டு கரைந்து வருவது வரண்ட வலயத்தில் பரவலான பிரச்சினை. இலங்கைத் தரநிர்ணயப்படி குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. கல்லோடு நெடுங்காலம் கிடந்த ஆழத்துத் தண்ணீரில் அது கூடுதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வருசா வருசம் மழையால் புதுப்பிக்கப்படுகிற மேல்படைத் தண்ணீரில் குறைவு. எங்களுடையது எல்லைக்குள் இருந்தது.

நான் சொன்னதெல்லாம் மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி மாதிரிக் கருங்கல் அடியுள்ள இடங்களுக்கு. முழங்காவில், முருங்கன், பூநகரிப் பக்கம் அடியில் சுண்ணக்கல், எங்கள் கல்லுக்கு மிகவும் பிந்திய மயோசீன் காலத்தில் ஆழங்குறைந்த கடலில் படிந்தது. அங்கே தண்ணீர் நிற்கிற விதமே வேறு, முருங்கன் பக்கம் ஆழக் குழாய்க்கிணறு நன்றாக வேலை செய்யும், கடலோரத்தில் உப்புக்குப் பயப்பட வேண்டும். முருங்கன் கருங்களி கோடையில் வெடித்து மாரியில் வீங்குவதால் கிணற்றுக் கட்டையே பிளக்கும். இந்தக் குழுவை அங்கே கூப்பிட்டபோது "எங்களுக்கு அந்த மண் பழக்கமில்லை" என்று போகவில்லையாம்.

கூப்பிடுவதென்றால் ஆனியிலேயே சொல்லி வையுங்கள், ஆவணிக்கு ஆள் கிடையாது. மாமாவின் நெடுங்கேணிக் காணிக்கும் இவர்களையே பேசியிருக்கிறோம். வேலி, கயிறு, தலைக்கவசம் மூன்றையும் கொப்பியில் முதல் வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் முற்பணம் கொடுத்தோம்.